பின்கட்டில் அடுப்பு வைத்த வண்டி

நான் வேலை பார்த்த பட்டறையிலிருந்து போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். இப்போது அது பெரிய கம்பெனி. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகும் டிரெய்லர் வீடுகள் கட்ட ஆரம்பித்திருக்கிறார்களாம். படுக்கை, மேஜை எல்லாவற்றுக்கும் இடம் முடிவாகிவிட்டது, சமையலறையில்தான் இழுபறி. பின்னால் வைத்தால் என்ன நன்மை, என்ன கெடுதல், சுருக்கமாகச் சொல்லுங்கள் சார் என்றார்கள். சுருக்கமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் நன்மையும் கெடுதலும் தனித்தனியாக வரமாட்டேன் என்கின்றன. ஒரு வண்டியும் அதைச் சுற்றி இருந்தவர்களும்தான் வருகிறார்கள்.

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது நான் அந்தப் பட்டறையில் சேர்ந்தேன். தேனாம்பேட்டையில் மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்து ஒன்றில் தகரக் கொட்டகை. தொழிற்பள்ளியில் வரைபடம் போடக் கற்றிருந்தேன். ராணுவ லாரிகளுக்கு பாடி கட்டும் வேலை மலைபோலக் குவிந்திருந்த நேரம். எனவே கேள்வி அதிகம் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். யுத்தம் முடிகிற வரைக்கும் ஒரே மாதிரி பாடியைத் திரும்பத் திரும்ப வரைந்தேன். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

எனக்கு மேலே இருந்தவர் கரீம் பாய். பட்டறைக்கு அவர்தான் மேஸ்திரி. அவருடைய அப்பா குதிரை வண்டிகளுக்குக் கூண்டு கட்டியவர். இவர் மோட்டார் வண்டிக்கு மாறினார். உயரமான மனிதர். யார் மேலும் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு வேலை பிடிக்கவில்லை என்றால் தலையிலிருந்து குல்லாவைக் கழற்றுவார், முழங்காலில் தட்டித் தூசி உதறுவார், மறுபடி மாட்டிக்கொள்வார். அப்புறம் எல்லாருக்கும் டீ சொல்லுவார். டீ குடித்து முடித்த பிறகுதான் தப்பு என்ன என்று பேச்சு ஆரம்பிக்கும். சூடாக ஏதாவது உள்ளே போனால் எதிராளி சொல்வது காதில் ஏறும் என்பது அவர் கணக்கு. என் அனுபவத்தில் அது பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

யுத்தம் முடிந்த பிறகு ராணுவ வேலை நின்றுபோய், கொட்டகையில் பாதி காலியாகக் கிடந்தது. அப்போதுதான் டாக்டர் அலமேலு வந்தார். மயிலாப்பூர்க்காரர், பிரசவ டாக்டர். வேளச்சேரி, தரமணி, பள்ளிக்கரணை எல்லாம் அன்றைக்கு ஏரியும் வயலுமான கிராமங்கள். அங்கே போய்ப் பெண்களைப் பார்ப்பதற்காக, ராணுவம் ஏலம் விட்ட ஜீப் ஒன்றை ஒரு தர்ம ஸ்தாபனம் அவருக்கு வாங்கிக் கொடுத்திருந்தது. அதன் பின்னால் இழுத்துப் போக ஒரு டிரெய்லர் வேண்டும் என்றார். உள்ளே நோயாளியைப் படுக்க வைத்துப் பார்க்க ஒரு கட்டில், மருந்து அலமாரி, சமைக்க ஒரு இடம். கிராமத்தில் டிரெய்லரைக் கழற்றி நிறுத்திவிட்டு, ஜீப்பை மட்டும் வரப்பு வழியாக உள்ளே ஓட்டிப் போகலாம் என்பது அவர் யோசனை.

"சமையல் எதுக்கும்மா? காலைல போயி சாயங்காலம் வந்துடப் போறீங்க" என்றார் கரீம் பாய்.

"ரெண்டு மூணு நாள் தங்கவேண்டி வரும். அதோட, பாத்திரம் பண்டமெல்லாம் கொதிக்க வைக்கணும். பிரசவமான பொண்ணுக்குச் சூடா கஞ்சி கொடுக்கணும். வெந்நீர் இல்லாம நான் என்ன வைத்தியம் பார்க்கறது?" என்றார் டாக்டர். "ஆனா ஒண்ணு. மயக்கம் கொடுக்க நான் ஈதர் வச்சுண்டிருப்பேன். அதோட ஆவி குப்புனு பத்திக்கும். கட்டில் இருக்கற அறையில நெருப்பு இருக்கவே கூடாது. நடுவுல சுவர் எழுப்பிடுங்கோ."

அந்த ஒரு வாக்கியத்தில் சமையலறை பின்னால் போய்விட்டது. முன்பக்கம் வைத்தால் ஓடும்போது அங்கே படிந்திருக்கும் புகையும் மணமும் காற்றோடு கட்டிலுக்கு வரும். நடுவில் வைக்கவே முடியாது. பின்பக்கம் என்றால், நடுவில் தகரச் சுவர் வைத்து, வழியே இல்லாமல் அடைத்துவிடலாம். கதவு வெளியே திறக்கும். நம்முடைய பழைய வீடுகளில் சமையல் பின்கட்டில்தானே நடக்கிறது, அதுபோல.

நான் படம் போட்டேன். கரீம் பாய் படத்தைப் பார்த்தார், ஆனால் படத்தோடு விடுவது அவர் வழக்கம் இல்லை. கொட்டகையின் சிமெண்டுத் தரையில் சுண்ணாம்பு நூல் அடித்து, வண்டியை முழு அளவில் கோடாக இழுப்பார். அலமாரி வரும் இடத்தில் காலி டின்களை அடுக்குவார். பிறகு, அந்த இடத்தில் யார் புழங்கப் போகிறார்களோ அவர்களை வரவழைத்து, கோட்டுக்குள் நடமாடச் சொல்வார். டாக்டர் குனிந்து நோயாளியைப் பார்க்கிற மாதிரி செய்து, கட்டிலை இன்னும் ஒரு சாண் தள்ளச் சொன்னார்.

சமையலுக்கு டாக்டர் அழைத்து வந்தது முனியம்மாவை. தேனாம்பேட்டைக்காரி, நாற்பது வயது இருக்கும், டாக்டரோடு பல பிரசவங்களுக்குப் போய் வந்தவள். கையில் நிஜமாகவே ஒரு வாணலியும் கரண்டியும் கொண்டுவந்திருந்தாள். கோட்டுக்குள் நின்றாள். அடுப்பு என்று வைத்த டின்னைப் பார்த்தாள்.

"இன்னா பாய், வண்டி மேல ஏறி நின்னுக்கினா நான் கொயம்பு வெக்கறது? முதுவு கூரைல இடிக்கும்."

"வேற எங்கம்மா நிப்பே?"

"தரையிலதான். கதவத் தொறந்துட்டு வெளியவே நின்னுக்கினு சமைக்கறேன். பொகையும் அப்டியே போயிடும்."

அவள் சொன்னதைக் கேட்டு நான் படத்தை மாற்றினேன். பின்பக்கக் கதவை நடுவில் குறுக்காகப் பிளந்தோம். மேல்பாதி தூக்கிக் கட்டினால் கூரை, மழைக்கும் வெயிலுக்கும் தடுப்பு. கீழ்ப்பாதி இறக்கினால் சங்கிலியில் தொங்கும் மேடை. உள்ளே தட்டுப் பலகையில் வட்ட வட்டமாகத் துளை வெட்டி, பாத்திரங்கள் அதற்குள் கழுத்துவரை உட்காரும்படி செய்தோம். அடுப்புக்குப் பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டி. கை நீட்டினால் எல்லாம் எட்டும். எனக்கு அந்தப் படத்தில் ரொம்பப் பெருமை. இன்றைக்கும் அது நல்ல படம் என்றுதான் சொல்வேன்.

வண்டி தயாரானதும் வெள்ளோட்டம் விட்டோம். ஆட்களுக்குப் பதிலாக மணல் மூட்டை. தொட்டி நிறையத் தண்ணீர். ஜீப்பை ஓட்டியவர் மாணிக்கம், யுத்தத்தில் பர்மா எல்லைவரை லாரி ஓட்டிவிட்டு வந்தவர். பக்கத்தில் கரீம் பாய், பின்னால் நான். ஆழ்வார்பேட்டை, மந்தைவெளி தாண்டும்வரை எல்லாம் சரியாக இருந்தது. அடையாற்றுப் பாலம் ஏறி இறங்கும்போது மாணிக்கம் கொஞ்சம் வேகம் எடுத்தார். டிரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பித்தது. முதலில் லேசாக இடமும் வலமும். பிறகு ஜீப்பையே பிடித்து உலுக்கியது. எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி, சைக்கிளைக் கைப்பிடிச் சுவரோடு சாய்த்துக்கொண்டு தானும் ஒட்டி நின்றார்.

மாணிக்கம் பிரேக்கைத் தொடவில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்த காலை மெதுவாக எடுத்தார், அவ்வளவுதான். ஆட்டம் தானாக அடங்கி வண்டி பாலத்தைத் தாண்டி நின்றது.

கரீம் பாய் இறங்கிக் குல்லாவைத் தட்டினார். டீக்கடை பக்கத்தில் இல்லாததால் அன்று டீ இல்லாமலே பேச்சு ஆரம்பித்தது. டிரெய்லரைக் கழற்றச் சொன்னார். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இழுவைக் கம்பிக்கு எங்கள் பட்டறையில் ஏர்க்கால் என்றுதான் பெயர். அதன் நுனியில் ஒரு கையைக் கொடுத்துத் தூக்கினார். சுலபமாக மேலே வந்தது.

"பாத்தியா சம்பந்தம், ஒரு கைக்கு எந்திரிச்சுது. ரெண்டு ஆளு மூச்சுப் புடிச்சுத் தூக்கணும். அப்போதான் ஜீப்பு சொல்றத இது கேக்கும். பாரம்லாம் வால்ல கீது." பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "படம் சோக்காத்தான் கீது. இன்னா, வண்டி அதப் படிக்க மாட்டேங்குது."

திரும்பி வந்து பார்த்தால் இன்னொரு சங்கதி. பின்கதவைத் திறந்தபோது உள்ளே எல்லாவற்றின் மேலும் செம்மண் மாவு மாதிரிப் படிந்திருந்தது. ஓடும் வண்டி தன் பின்னால் தூசியைச் சுழற்றி இழுத்துக்கொள்கிறது. அந்தத் தூசிக்கு நேர் எதிரே நாங்கள் சமையலறையை வைத்திருந்தோம்.

கரீம் பாய்க்குச் சமையலறையை முன்னால் கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஆசை. டாக்டர் அசையவில்லை. "நெருப்பு என் நோயாளிகிட்ட வரப்படாது. அதைத் தவிர நீங்க என்ன வேணா செய்யுங்கோ" என்றார். முனியம்மா அவருக்குப் பின்னால் நின்று தலையாட்டினாள். இரண்டு நாள் நானும் கரீம் பாயும் டிரெய்லருக்கு அடியில் படுத்துக் கிடந்தோம். கடைசியில் அடுப்பு இருந்த இடத்திலேயே இருந்தது, மற்றதெல்லாம் நகர்ந்தது. அச்சைத் தாங்கும் வில் பட்டைகளைக் கழற்றி, புதுத் துளை போட்டு, அச்சையும் சக்கரத்தையும் ஒரு சாணுக்கு மேல் பின்னால் தள்ளினோம். தண்ணீர்த் தொட்டியை எடுத்து, முன்பக்கம் கட்டிலுக்கு அடியில் பொருத்திக் குழாய் விட்டோம். கதவு ஓரங்களில் ராணுவக் கம்பளியைக் கிழித்து வைத்து ஆணியடித்தோம், தூசி முக்கால்வாசி நின்றது. மறுபடி அடையாறு போனோம். பாலத்து இறக்கத்தில் வண்டி சமர்த்தாக இறங்கியது. முதல் சில சுற்றுகளுக்கு நீயும் கூடப் போய் வண்டி எப்படி இருக்கிறது என்று பார்த்து வா என்று கரீம் பாய் என்னை அனுப்பினார்.

அந்தச் சுற்றுகளில்தான் பின்சமையலறையின் அருமை எனக்குத் தெரிந்தது. ஊருக்குள் போய் நின்று முனியம்மா கதவைத் தூக்கிக் கட்டினால் போதும். உள்ளே ஒரு பெண் நிம்மதியாகப் படுத்திருப்பாள். வெளியே அவளோடு வந்தவர்கள் மேடையைச் சுற்றி நின்று கஞ்சி குடித்துக்கொண்டிருப்பார்கள். டாக்டரிடம் பேசக் கூசுகிற பெண்கள் முனியம்மாவிடம் பேசுவார்கள். வயிற்றில் ஆறு மாதம், இன்னும் வீட்டில் சொல்லவில்லை என்பது மாதிரி விஷயமெல்லாம் அந்த மேடையில்தான் முதலில் வெளிவரும். அவள் கரண்டியோடு முன்பக்கம் போய் டாக்டர் காதில் போட்டுவிடுவாள்.

ஆனால் பின்கதவு எல்லாருக்கும் திறந்த கதவு. பார்க்க வந்தவர்கள் சும்மா போகமாட்டார்கள். பூசணிக்காய், இளநீர்க் குலை, கட்டு விறகு, ஒரு மூட்டை நெல். டாக்டர் வேண்டாம் என்பார். இவர்கள் சுற்றி வந்து முனியம்மாவிடம் கொடுப்பார்கள். அவளுக்கு இல்லை என்று சொல்ல வராது. எல்லாம் வாலில் ஏறும்.

பள்ளிக்கரணையில் இரண்டு நாள் தங்கியிருந்தோம். ஐப்பசி மழை விட்டிருந்தது. மூன்றாம் நாள் புறப்பட இருந்த நேரத்தில், முற்பகல், பொன்னி என்ற பெண்ணை அவள் கணவன் கயிற்றுக் கட்டிலில் வைத்து நாலு பேர் தூக்க அழைத்து வந்தான். தலைப்பிரசவம். முந்தின நாளிலிருந்து வலி. டாக்டர் பார்த்துவிட்டு வெளியே வந்தார். அவர் முகம் மாறியிருந்தது.

"குழந்தை குறுக்க கெடக்கு. இங்க என்னால முடியாது. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயே ஆகணும்."

ஜீப்பில் அவளைப் படுக்கவைக்க இடமில்லை. டிரெய்லர் கட்டிலில் படுக்க வைத்தோம். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். நானும் பொன்னியின் கணவனும் முனியம்மாவும் ஜீப்பில். வேளச்சேரி ஏரிக்கரை ஓரமாகப் பாதை. கொஞ்ச தூரம் போனதுமே மாணிக்கம் வேகத்தைக் குறைத்தார்.

"சார், பழையபடி வாலாட்டுது. மெதுவாப் போனா அடங்குது. வேகம் எடுத்தா உள்ள கீற பொண்ணு தாங்காது."

டிரெய்லரிலிருந்து டாக்டர் ஜன்னல் வழியாகக் கத்தினார். "மெதுவாப் போக நேரம் இல்லை. இப்படி ஆடினாலும் போக முடியாது. ஏதாவது பண்ணுங்கோ."

வண்டியை நிறுத்தி இறங்கினேன். கொக்கியைத் தளர்த்தி, ஏர்க்காலில் கை கொடுத்துத் தூக்கினேன். கரீம் பாய் கைக்கு வந்த மாதிரியே என் ஒரு கைக்கும் வந்தது. காரணம் அப்போதே புரிந்தது. இரண்டு நாளில் முன்பக்கத் தொட்டித் தண்ணீர் முழுதும் தீர்ந்துவிட்டது. பின்னாலோ பூசணியும் விறகும் நெல்லும், போதாததற்கு முனியம்மா வழிக்கென்று நிரப்பி வைத்த குடங்களும். பாரம் இருக்க வேண்டிய இடம் காலி. இருக்கக் கூடாத இடம் நிறைந்து கிடந்தது.

"எல்லாத்தையும் எறக்குங்க" என்றேன்.

முனியம்மா கதவைத் திறந்தாள். முதல் பூசணியை அவளே எடுத்துக் கரையில் உருட்டிவிட்டாள். பொன்னியின் கணவன் நெல் மூட்டையை முதுகில் வாங்கி இறக்கினான். வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் என்ன என்று ஓடி வந்தார்கள். குடங்களை நான் தூக்கியபோது மட்டும் முனியம்மா கையைப் பிடித்தாள்.

"தண்ணியக் கொட்டாதே தம்பி. டாக்டரம்மாவுக்குத் தண்ணி வேணும்."

"கொட்டப் போறதில்ல. முன்னால தொட்டில ஊத்தப் போறேன். அங்க பாரம் வேணும்."

அவள் உடனே பிடித்துக்கொண்டாள். "அப்போ இந்தக் கொடம் பத்தாது" என்றவள், நடவுப் பெண்கள் பக்கம் திரும்பினாள். "ஏம்மே, பாத்துக்கினே நின்னா எப்டி? ஏரித் தண்ணிய மொண்டு குடுங்க."

அவர்கள் கரையிலிருந்து வண்டிவரை வரிசையாக நின்றுவிட்டார்கள். குடம் கை மாறிக் கை மாறி மேலே வந்தது. நான் தொட்டி வாயில் ஊற்றிக்கொண்டே இருந்தேன். உள்ளே பொன்னி முனகுவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. டாக்டர் அவளிடம், "இதோ ஆச்சு, இதோ ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தொட்டி வழிந்தது. மறுபடி ஏர்க்காலைத் தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை. மாணிக்கமும் கை கொடுத்தபிறகுதான் எழும்பியது.

கொக்கியை மாட்டினோம். முனியம்மா ஜீப்பில் ஏறாமல் டிரெய்லரின் முன்பக்கம் ஏறிக்கொண்டாள். "நானும் ஒரு மூட்டைதானே, முன்னாலயே குந்திக்கிறேன்" என்று சொல்லி, பொன்னியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். இறக்கிய சாமானெல்லாம் கரையிலேயே கிடந்தது. நடவுப் பெண்கள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். மறுநாளே மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பியும் விட்டார்கள்.

மாணிக்கம் ஓட்டினார். நான் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தபடி வந்தேன். டிரெய்லர் ஜீப்பின் தடத்திலேயே, அதன் நிழல் மாதிரி வந்தது. கிண்டி, சைதாப்பேட்டைப் பாலம், மவுண்ட் ரோடு. எதிலும் அது ஆடவில்லை. தேனாம்பேட்டையில் எங்கள் சந்து முனையைத் தாண்டும்போது பட்டறை ஆட்கள் சிலர் பார்த்தார்கள். நாங்கள் நிற்காமல் போவதைப் பார்த்து ஏதோ ஆபத்து என்று அவர்கள் உள்ளே ஓடிக் கரீம் பாயிடம் சொல்லியிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் பொன்னியை நேரே ஆபரேஷன் அறைக்குக் கொண்டு போனார்கள். டாக்டர் அலமேலுவும் அவர்களோடு போனார். கதவு மூடிக்கொண்டது. பொன்னியின் கணவன் வேப்பமரத்தடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அவனிடம் என்ன பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை.

முனியம்மாவுக்குத் தெரிந்திருந்தது. டிரெய்லரின் பின்கதவைத் தூக்கிக் கட்டினாள், மேடையை இறக்கினாள், அடியில் மிஞ்சிக் கிடந்த சுள்ளியில் அடுப்பைப் பற்றவைத்தாள். எல்லாவற்றையும் கரையில் உருட்டிவிட்டாலும் ஒரு டின் ரவையும் டீத்தூளும் வெல்லமும் பலகைத் துளைகளில் தப்பி உட்கார்ந்திருந்தன. உப்புமா கிளறினாள். இலைக்குப் பதில் தட்டு மூடியில் வைத்து அவன் கையில் திணித்தாள்.

"துன்னு. அவ வெளிய வர்றப்போ நீ மயக்கம் போட்டு வியக்கூடாது."

அவன் சாப்பிட்டான். உப்புமா வாசனைக்கு வார்டு ஆயாக்கள் இருவர் வந்தார்கள். வேறு யாருக்கோ காத்திருந்த கிழவர் ஒருவரும் வந்து நின்றார். முனியம்மா யாரையும் யார் என்று கேட்கவில்லை.

அப்போது கரீம் பாய் சைக்கிளில் வந்து சேர்ந்தார். தேனாம்பேட்டையிலிருந்து மிதித்து வந்ததில் சட்டை நனைந்திருந்தது. நடந்ததைச் சொன்னேன். அவர் குனிந்து அச்சைப் பார்த்தார், பட்டைகளைத் தட்டிப் பார்த்தார், கொக்கியை ஆட்டிப் பார்த்தார். குல்லாவைக் கழற்றவில்லை. பிறகு மேடைப் பக்கம் வந்து நின்றார். முனியம்மா டீ கொடுத்தாள்.

உள்ளேயிருந்து டாக்டர் வந்தார். முகத்தில் களைப்பு, ஆனால் நிமிர்ந்து நடந்து வந்தார். பொன்னியின் கணவன் எழுந்தான்.

"பெண் குழந்தை. ரெண்டு பேரும் நன்னாயிருக்கா. கொஞ்ச நாழி கழிச்சுப் பார்க்கலாம்" என்றவர், மேடைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "முனியம்மா, எனக்கும் அந்த உப்புமா மிச்சமிருக்கா?"

இருந்தது. அவர் சாப்பிடுவதையும், அந்த இளைஞன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டை நீட்டுவதையும், ஆயாக்கள் அவனிடம் என்ன பெயர் வைக்கப் போகிறாய் என்று கேட்பதையும் கரீம் பாய் பார்த்துக்கொண்டிருந்தார். காலி டம்ளரை மேடையில் வைத்துவிட்டு, கையால் பலகையைத் தடவினார்.

"எடம் நல்லாத்தான் கீது" என்றார். "ரோட்டுல ஓடறதுக்குத்தான் இது ஆவாது."

முனியம்மா அவர் டம்ளரில் மறுபடி டீயை ஊற்றினாள். "ரோட்டுல யாரு பாய் சமைக்கறாங்க? நிக்கற எடத்துலதானே எல்லாருக்கும் பசிக்குது."

கரீம் பாய் சிரித்துவிட்டார். இரண்டாவது டீயை அவசரமில்லாமல், நின்ற இடத்திலேயே குடித்து முடித்தார்.